பிடித்த ஈயைத் தெரிவிக்கும் படிவம்

காரமந்து ஏரியில் மீன் பிடிப்பவர்கள், மாசி மாதம் முடிவதற்குள், தங்களுக்குப் பிடித்த ஈ எது என்பதை டிரவுட் மீன்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். டிரவுட்கள் அதைப் படித்துப் பார்த்து, உண்மை என்று கண்டால் ஏற்றுக்கொள்ளும். உண்மை இல்லை என்று கண்டால் திருப்பி அனுப்பிவிடும். பங்குனி ஒன்றாம் தேதி ஏரி திறந்த பிறகு, யார் எந்த ஈயை விரும்புவதாகச் சொன்னாரோ அந்த ஈ மூலமாக மட்டுமே அவரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளும்.

ஈ என்றால் பலகாரத்தில் உட்காருகிற ஈ இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் கோழி இறகையும் முடியையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டுவது. அது பூச்சி இல்லை என்பது கட்டியவருக்குத் தெரியும், வீசுகிறவருக்குத் தெரியும், டிரவுட்டுக்கும் நன்றாகவே தெரியும். அந்தப் பொய்யைப் பற்றி அவற்றுக்குப் புகார் எதுவும் கிடையாது. பிடித்திருக்கிறது என்று சொல்வதில் மட்டும் பொய் இருக்கக் கூடாது என்று நினைக்கும்.

ஆற்று டிரவுட்களுக்கு இந்த வழக்கம் இல்லை. ஓடுகிற தண்ணீரில் ஈ வந்த வேகத்தில் போய்விடும். யோசித்துக்கொண்டிருந்தால் அன்று பட்டினிதான். எங்கள் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. நிற்கிற தண்ணீரில் மீனுக்கு நேரத்தைத் தவிர வேறு சொத்து கிடையாது. ஓர் ஈயைச் சுற்றிச் சுற்றி வரும், கீழே போய்ப் பார்க்கும், போய் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டும். சீமையிலிருந்து கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே முட்டையாக வந்த இனம். எத்தனையோ தலைமுறை ஆகியும், விருந்துக்கு வந்த இடத்தில் வசதி போதவில்லை என்கிற முகம் இன்னும் மாறவில்லை. மண்புழுவைக் காட்டினால் பேச்சை முறித்துக்கொண்டு அடியில் போய்விடும். கெண்டைக்கு இந்தப் பிகு எல்லாம் இல்லை, மாவு உருண்டை போட்டால் வரும். அதனால் கெண்டையை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை.

குளிர்காலம் முழுக்க டீக்கடையில் எந்த ஈ சிறந்தது என்று சண்டை நடக்கும். உறைபனி விட்டதும் ஏரிச் சேற்றிலிருந்து கொசு மாதிரிப் பூச்சிகள் மேலே வரும், ஆகவே வசந்தத்துக்குக் கறுப்பில் பொடியாக இருப்பதுதான் சரி என்பது ஒரு கட்சி. குளிரில் சுருண்டு கிடந்த மீனை உசுப்ப ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக வேண்டும் என்பது இன்னொரு கட்சி. வேகமாக இழுக்க வேண்டும் என்பார்கள், மூழ்கவிட்டு மெல்ல இழுக்க வேண்டும் என்பார்கள். மேசையைத் தட்டுவார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இரண்டு மாதம் இருப்பார்கள். மாசி பிறந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் வீட்டுக்குப் போய், மனைவி கட்டிக் கொடுத்த ஈயின் விவரத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஊரில் ஈ கட்டுவது மனைவிகள்தான். மார்கழியிலும் தையிலும் தேயிலை பனியில் கருகிவிடும், பறிக்க இலை இருக்காது. அந்த நாட்களில் வெயில் விழுகிற ஜன்னலோரமாக உட்கார்ந்து, வீட்டுக் கோழியின் இறகில் உடம்பும் தன் தலைமுடியில் சிறகும் வைத்துக் கட்டுவார்கள். கல்யாணம் ஆகாதவனுக்கு அம்மாவோ அக்காவோ கட்டித் தருவாள். மொத்தம் நாற்பத்தோரு பேர் மீன் பிடிக்கிறோம். வருடா வருடம் நாற்பத்தோரு பேருக்கும் அவரவர் வீட்டு ஈயே பிடித்துப்போகும். இவ்வளவு ஒற்றுமையான ரசனை இந்த மலையில் வேறு எந்த ஊரிலும் கிடையாது.

என் பெயர் பிலவேந்திரன். தேயிலை ஃபாக்டரியில் பச்சை இலைக்கு எடை போடுகிறேன். என் மனைவி எமிலி எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அவள் கட்டிய ஈயை நான் விரும்பி வந்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த வருடமும் போன வருடப் படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, வரி மாறாமல் பார்த்து எழுதி, தேதியை மட்டும் மாற்றினேன். எமிலி காகிதத்தில் மடித்துக் கொடுத்த ஈயைப் பிரிக்காமல் அப்படியே படிவத்தோடு குத்தினேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். போன வருடம் ஒப்புக்கொண்டவர்கள் இந்த வருடம் எந்த முகத்தோடு மறுப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

ஏரி அலுவலகத்தில் மிச்சி அக்கா இருக்கிறார். படிவத்துக்கு முத்திரை குத்தி, துணிக் கிளிப்பில் மாட்டி, கயிற்றில் தண்ணீருக்குள் இறக்குவார். மூன்றாம் நாள் கயிற்றை இழுத்தால் பதில் இருக்கும். பதிலையும் படிவத்தையும் உலர்த்தி, ஈயை மேலே குத்தி, பஸ் நிறுத்தத்துப் பலகையில் வைப்பார். என்னுடையது எருமை காணவில்லை என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் இருந்தது. டிரவுட்களின் கையெழுத்து வலது பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்து.

“மனுதாரர் சிறகின் நிறம் கறுப்பு என்று குறிப்பிட்டுள்ளார். சிறகு நரைத்துள்ளது. விரும்புகிறவர் பார்த்திருப்பார். உண்மை இல்லை.”

பலகைக்கு முன்னால் நின்ற ஆண்கள் அதை ஒரு தடவை படித்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஏரி அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். அன்று மட்டும் முப்பத்தொன்பது படிவங்கள் திருத்தத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. சாயங்காலம் ஊரில் முப்பத்தொன்பது பெண்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலாக உற்றுப் பார்க்கப்பட்டார்கள். மூன்று பேர் தங்களுக்கு ஏதோ வியாதி என்று நினைத்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கறுப்பு கட்சிக்காரர் ஒருவர், தன் மனைவிக்குக் கண் பழுப்பு நிறம் என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

எமிலி வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அதைப் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

“போன வருஷம் வரைக்கும் கறுப்பு முடியாப் பொறுக்கிப் பொறுக்கிக் கட்டுனேன். இந்த வருஷம் பொறுக்க ஒண்ணும் மிச்சமில்லைங்க” என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்றேன். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, டீயில் சர்க்கரை குறைவு என்றேன்.

விதி எளிமையானது. ஒருவர் மூன்று தடவை எழுதலாம். திரும்பி வந்த ஈ பலகையில் இருக்கும்வரை, வேறு யார் வேண்டுமானாலும் அதைத் தனக்குப் பிடித்ததாக எழுதலாம். ஒரே ஈயை இருவர் உண்மையாக விரும்புவதாகத் தெரிந்தால் யாருக்கு என்று கட்டியவர் தீர்மானிப்பார். ஒருவர் மட்டும் விரும்பினால் ஈ அவருக்குப் போகும். கட்டியவருக்கு இஷ்டமிருந்தால், பங்குனி ஒன்றாம் தேதியிலிருந்து அவரும் அந்த வீட்டுக்குப் போய்விடலாம். சாமான்களைத் தூக்கிக் கொடுக்க முந்தைய வீட்டுக்காரர் ஒத்தாசை செய்ய வேண்டும் என்று ஒரு உட்பிரிவு சொல்கிறது.

போஜன் மறுநாளே எழுதிவிட்டார். ஏரிக்கரையில் பதினாலு வருடமாக என் பக்கத்துக் கல்லில் உட்காருகிறவர். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மா கட்டிய கடைசி ஈயையே அதன் பிறகும் வீசிக்கொண்டிருந்தார். இறகெல்லாம் உதிர்ந்து, போன வருடம் வெறும் முள்தான் மிச்சம். அதையும் டிரவுட்கள் உண்மை என்று ஏற்றிருந்தன. முள்ளும் துருப்பிடித்து உடைந்துபோனதால் இந்த வருடம் அவருக்கு ஈ இல்லை. எமிலியின் ஈயைப் பற்றி அவர் எழுதியதைப் பலகையில் படித்தேன்.

“சிறகு நரை. சாம்பல் நிறம் அல்ல, நரை. வலது பக்கம் ஒரு நூல் சாய்வு, கட்டியவர் இடது கையால் முடிச்சுப் போடுகிறார். கழுத்தில் ஊதா நூல் மூன்று சுற்று. மூன்றாவது சுற்று மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அந்த நேரம் யாரோ அவரை டீ போடச் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.”

அதற்குக் கீழே பதில் இருந்தது. “உண்மை. படித்தவர்களில் இருவர் கண் கலங்கினர்.” தண்ணீருக்குள் இருப்பவர்கள் கண் கலங்கியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அவர்கள் விஷயம்.

எமிலி இடது கையால் முடிச்சுப் போடுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

போஜன் முறைப்படி வீட்டுக்கு வந்தார். கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு பையில் காரட் கொண்டுவந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. பலகையில இருந்துச்சு. பார்த்தேன். பிடிச்சிருந்துச்சு.”

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று சொல்லிக் காரட்டை வாங்கிக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுத்த மனிதர். எமிலி காரம் சாப்பிடுவாரா என்று விசாரித்தார். அவளுக்குக் காரம் ஆகாது என்றேன். அவர் போன பிறகு, உள்ளேயிருந்து எமிலி சொன்னாள், காரம் ஆகாதது உங்களுக்கு என்று. இருபத்திரண்டு வருடமாக வீட்டில் ஒரே குழம்பு என்பதால் எனக்கு இந்த வித்தியாசம் பிடிபடாமல் போயிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், கட்டியவருக்கு உள்ள உரிமைப்படி, எமிலி போஜன் வீட்டுச் சமையலறையைப் பார்வையிட்டுவிட்டு வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். புகைபோக்கி நன்றாக இழுக்கிறது என்றாள். எங்கள் வீட்டுப் புகைபோக்கி ஆறு வருடமாக அடைத்திருக்கிறது. அன்று மதியமே மேலே ஏறிச் சுத்தம் செய்தேன். செய்து முடித்து இறங்கி வந்தபோது, என்னைப் பார்த்து, முகத்தைக் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது படிவத்துக்காக ஃபாக்டரியில் இரண்டு நாள் லீவு போட்டேன். டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆரஞ்சு கட்சிக்காரர் ஒருவர், நரை என்று எழுதாதே, வெள்ளி என்று எழுது, மீனுக்கு வெள்ளி பிடிக்கும் என்றார். அவர் மனைவிக்குத் தலை முழுக்க வெள்ளிதான், அவர் மட்டும் கொடுத்துவைத்தவர். நான் அந்த வழிக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் போனேன். இலையின் தரம் பார்க்கிற பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிவந்து, மிச்சி அக்காவின் மேற்பார்வையில், ஈயைப் பலகையிலிருந்து எடுத்து ஆராய்ந்தேன். சிறகில் முடி முப்பத்தொன்று. நீளம், அகலம், சாய்வின் கோணம், ஊதா நூல் எந்த நம்பர், கோழி இறகு எந்தக் கோழியுடையது, எல்லாம் குறித்தேன். தராசில் வைத்துப் பார்த்தேன், தராசு முள் அசையவில்லை. அதையும் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. போஜன் ஐந்தே வரி எழுதியிருந்தார் என்பதால் எனக்குத் தெம்பாக இருந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. “மனுதாரர் எண்ணியுள்ளார். அளந்துள்ளார். இலை கொள்முதலுக்கு இது போதுமானது. உண்மை இல்லை.”

எமிலி அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் பேசியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன், வழக்கம்போல ஏதோ சண்டையாகி முடிந்திருக்கும். அவள் போஜன் கொடுத்த காரட்டில் பொரியல் செய்தாள். நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

மாசி கடைசி நாள், மூன்றாவது படிவத்தை வாங்கிக்கொண்டு ஏரி அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பையில் கை விட்டேன், போன வருட நகல் கையில் பட்டது. பழக்கதோஷம்.

“பழசைப் பார்த்து எழுதாதே தம்பி” என்றார் மிச்சி அக்கா.

நகலை அவரிடமே கொடுத்துவிட்டேன். எமிலி போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. ஈ போனால் போகட்டும், மீன் போனால் போகட்டும், ஊரில் நாலு பேர் சிரித்தாலும் சிரிக்கட்டும். அவள் வேறொரு ஜன்னலோரமாக உட்கார்ந்து கட்டுவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, நாலரை மணிக்கு எழுத ஆரம்பித்தேன்.

“எனக்குப் பிடித்த ஈ எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடமும் பொய் சொன்னேன். மீன் பிடிக்கவும் எனக்குப் பிடிக்காது. குளிரில் கல்லில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது. டிரவுட்டில் முள் அதிகம், தவறாக நினைக்க வேண்டாம். தை மாதத்தில் என் மனைவி ஈ கட்டும்போது ஏதோ ஒரு பாட்டை மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பாள். மற்ற நாட்களில் அவள் பாடுவதில்லை. நான் நிமிர்ந்து பார்த்தால் நிறுத்திவிடுவாள். அதனால் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருப்பேன். பேப்பருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நரைத்ததை அதனால் பார்க்கவில்லை. நான் மீன் பிடிப்பதை நிறுத்தினால் அவள் ஈ கட்டுவதை நிறுத்திவிடுவாள். ஆகவே போய் வருகிறேன்.”

மிச்சி அக்கா அதைப் படிக்காத மாதிரிப் படித்துவிட்டுக் கிளிப்பில் மாட்டினார். இந்த முறை மூன்று நாள் ஆகவில்லை. அவர் பூட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கயிறு இழுபட்டது.

“உண்மை. ஈயை விரும்புபவர் திரு. போஜன் ஒருவரே என்பதால் ஈ அவருக்கு. தான் எந்த வீடு என்பதைக் கட்டியவர் விதிப்படி தீர்மானிப்பார். பிடித்த ஈ இல்லாத ஒருவர் கரையில் இருப்பது தெரிந்த பிறகு பருவத்தைத் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த ஆண்டு ஏரி கிடையாது. மனுதாரரின் வீட்டார் இருவர் நாளைக் காலை ஏரியை மடித்து எடுத்து வைக்கவும். முள் குறித்த கருத்து பதிவு செய்யப்பட்டது.”

பலகையில் ஒட்டியதும் ஊரே வந்து படித்தது. தூண்டில் கம்புகளைப் பரணில் போட்டார்கள். டீக்கடைக்காரர் பால்காரரிடம் நாளைக்கு நாலு லிட்டர் குறைத்துக்கொள்ளச் சொன்னார். கறுப்பு கட்சியும் ஆரஞ்சு கட்சியும் முதல் தடவையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசின. எமிலியும் படித்திருப்பாள். வீட்டில் அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, நாளைக்கு ஃபாக்டரி உண்டா என்று. இல்லை என்றேன்.

பங்குனி ஒன்றாம் தேதி காலை நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. தனியாக ஏரிக்குப் போனேன். போகிற வழியில் போஜன் வீடு. வாசலைக் கழுவிவிட்டு, வெயிலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். ஒன்று புதிது.

கரையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஏரியின் இந்தப் பக்கத்து இரண்டு முனைகளைத் தேடி எடுத்துத் தூக்கினேன். முழங்கால் உயரம் வரை வந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. போஜன் ஓடி வந்தார், கோட்டைக் கழற்றிவிட்டு எதிர்க்கரைக்குச் சுற்றிப் போய் முனையைப் பிடித்தார். அவருடைய விரல்களில் அது வெறும் தண்ணீராக ஒழுகியது. நாலைந்து தடவை முயன்றார். வீட்டார்தான் எடுக்க முடியும் என்று மிச்சி அக்கா இங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். போஜன் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அதன் பிறகு எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் முனைகளைக் கீழே போடவில்லை.

எமிலி சாலை வழியாக வரவில்லை. தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கி எதிர்க்கரைக்கு வந்தாள். காப்பகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னாள். போஜனிடம் ஏதோ பேசினாள். அவர் தலையை ஆட்டினார், கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், சட்டைப் பையில் குத்தியிருந்த ஈயை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். எமிலி செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகி, குனிந்து இரண்டு முனைகளையும் எடுத்தாள். ஏரி தரையைவிட்டு எழும்பியது.

“முதல்ல உதறணும்” என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

உதறினோம். நாணல் உதிர்ந்தது, பாட்டில்கள் உதிர்ந்தன, யாருடையதோ ஒரு பூட்ஸ் உதிர்ந்தது. காணாமல் போன எருமையும் எழுந்து உடம்பை உலுக்கிக்கொண்டு போனது. பிறகு இரண்டு பேரும் நடந்து நடுவில் சந்தித்து, அவள் முனைகளை என் கையில் சேர்த்தாள். மடிப்பை எடுக்கக் குனிந்து பின்னால் போனாள். மறுபடி வந்தாள். நான் அவசரத்தில் என் பக்கம் இழுத்தேன்.

“இழுக்காதீங்க. பிடிச்சுக்கிட்டா போதும்.”

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு மடிப்புக்கும் நடக்க வேண்டிய தூரம் பாதியாகக் குறைந்தது. கடைசி மடிப்பில் அவள் ஒரு முழம் தூரத்தில் இருந்தாள். வகிட்டிலிருந்து காது வரை நரைத்திருந்தது. பார்த்தேன். அவள் முனகிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் மேல் தட்டில், கம்பளிகளுக்குக் கீழே வைத்தோம். அந்துருண்டை போடலாமா என்று கேட்டேன். மீனுக்கு ஆகாது என்று சொல்லி, கொஞ்சம் யூகலிப்டஸ் இலை பறித்துக்கொண்டு வரச் சொன்னாள்.